மார்லாந்தின் கடல் பூதங்கள்: மாலுமி கண்டதா, ஏட்டில் முளைத்ததா?

நெய்தல் | 4 மார்ச், காலை

மத்தியகால டச்சு இயற்கை நூல்களில் கடல் துறவி, கடல் வீரன், கப்பலோடு பந்தயம் போடும் ரம்ப மீன் என்றெல்லாம் வருகிறதே, இவை கிழக்கிந்தியக் கப்பல்களில் போன டச்சு மாலுமிகள் கண்டு மிரண்டு சொன்னவை என்பது என் கட்சி. ராட்சதக் கணவாயைப் பார்த்துக் கிராக்கன் என்ற கடல் பூதம் என்றார்கள். ஆவுளியாவை (கடற்பசு) பார்த்துக் கடற்கன்னி என்றார்கள். மறுப்பவர்கள் வரலாம்.

ஏட்டுப்பூச்சி | 4 மார்ச், மதியம்

ஆண்டுக்கணக்கே இடிக்கிறது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1602. துறவியும் வீரனும் வரும் ‘டெர் நாட்டூரென் ப்ளூமெ’ (இயற்கையின் மலர்) 1270-ஐ ஒட்டி எழுதப்பட்டது. முந்நூறு ஆண்டுக்கு மேல் இடைவெளி.

எழுதியவர் யாக்கொப் வான் மார்லாந்த். ஃபிளாண்டர்ஸ்காரர், ப்ரூஹே நகருக்குப் பக்கத்து டாம்மெ ஊரோடு சேர்த்துப் பேசப்படுபவர். நூலைப் பரிசாக அனுப்பியது ஜேலாந்துப் பிரபு நிகோலாஸ் வான் காட்ஸுக்கு. 13 பகுதிகள், 16,000 அடிகளுக்கு மேல், எல்லாம் இரண்டிரண்டு அடியாக இயைபு வைத்த செய்யுள். மூலநூல் இலத்தீனில்: தாமஸ் கான்டிம்ப்ரே 15 ஆண்டு போலத் தொகுத்த ‘லிபெர் டெ நாட்டுரா ரெரும்’. மார்லாந்த் அதை கொலோன் நகரத்து ஆல்பெர்ட்டின் நூல் என்று நினைத்துக்கொண்டு மொழிபெயர்த்தார். வேடிக்கையான தவறு. இது கீழே மறுபடி வரும்.

கிராக்கன் இந்த நூலில் இல்லை. அது நார்வே சரக்கு. ஐரோப்பா முழுக்கப் பரவியது போன்டொப்பிடான் என்ற ஆயர் 1752-53இல் எழுதிய நூலால். ஆவுளியா வாழ்வது வெப்பக் கடலில், வடகடலில் அல்ல.

ஏட்டுப்பூச்சி | 4 மார்ச், இரவு

ஒரு சேர்க்கை. ‘டச்சு மாலுமி’ என்பதே அந்தக் காலத்துக்குப் பொருந்தாத சொல். மார்லாந்த் தன் மொழியை ‘டீட்ஸ்’ என்பார், அதாவது இலத்தீனும் பிரெஞ்சும் அல்லாத ஊர்ப்பேச்சு. பிரெஞ்சிலிருந்து விலங்கு நூல் ஒன்றை அவருக்கு முன்பே ஆர்டென்பெர்ஹ் ஊர்ப் பாதிரி வில்லெம் உட்டென்ஹோவெ டீட்ஸில் பெயர்த்திருந்தார். தவறான மூலத்தை நம்பி ஏமாந்தவர் என்று மார்லாந்த் முன்னுரையிலேயே அவரை இடிக்கிறார். ‘நான் இலத்தீனிலிருந்து எடுக்கிறேன், ஆகவே நம்பலாம்’ என்பதுதான் அவருடைய வாதம். கடலைப் பார்த்தேன் என்பது அல்ல.

நெய்தல் | 5 மார்ச்

சரி, கம்பெனிக் கணக்கு தவறு. ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஃபிளாண்டர்ஸ் மீனவன் என்று ஒருவன் இருந்தானே? அவன் ஒன்றுமே சொல்லவில்லையா?

ஏட்டுப்பூச்சி | 5 மார்ச், மாலை

சொல்லியிருப்பான். கேட்டு எழுதியதற்கான தடம்தான் அபூர்வம். ஒரு பூதம் கடலிலிருந்து வந்ததா காகிதத்திலிருந்து வந்ததா என்று பார்க்க ஒரு வரிசை உண்டு.

முதலில் பெயரின் முதல் எழுத்து. தாமஸ் ஒவ்வொரு பகுதியையும் இலத்தீன் அகரவரிசையில் அடுக்கினார். மார்லாந்த் அந்த வரிசையைக் கலைக்கவில்லை. அதனால்தான் டீட்ஸ் செய்யுளின் நடுவே புரியாத இலத்தீன் பெயர்கள் அப்படியே துருத்திக்கொண்டு நிற்கின்றன. பெயரை மொழிபெயர்த்தால் வரிசை குலைந்துவிடும். ‘கே’ (K) எழுத்தில் தொடங்கும் பெயரைக் கண்டால் உடனே சந்தேகப்படுங்கள். சொந்த இலத்தீன் சொல் அந்த எழுத்தில் தொடங்குவது அரிது. பெரும்பாலும் அரபு வழியாக வந்த அரிஸ்டாட்டில் அது.

அடுத்து, யாரைச் சாட்சிக்கு அழைக்கிறார் என்று பாருங்கள். பழைய இலத்தீன் ஆசிரியர்களான பிளினி, சோலினஸ், இசிடோர், அம்ப்ரோஸ் என்றால் வழி நேர். அரிஸ்டாட்டில் என்றால் அது கிரேக்க அரிஸ்டாட்டில் அல்ல. மைக்கேல் ஸ்காட் என்ற மொழிபெயர்ப்பாளர் ஸ்பெயினின் டோலேடோவில் 1220-ஐ ஒட்டி அரபியிலிருந்து இலத்தீனாக்கிய அரிஸ்டாட்டில்.

மூன்றாவதாக, தாமஸின் இலத்தீன் வரிகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள் (போஸெ பதிப்பு, 1973). மார்லாந்தில் இருந்து அதில் இல்லாத சொல் எது என்று குறியுங்கள். பிறகு ஸ்காட், பிறகு கிரேக்கம். கடலுக்குப் போவது கடைசியில். பலரும் கடைசிப் படியிலிருந்து தொடங்குவதால்தான் எல்லாப் பூதமும் ராட்சதக் கணவாயாகிவிடுகிறது.

ஒரு உதாரணம்: ‘கோகி’. தாமஸின் பட்டியலில் தனி விலங்கு. ஆனால் இது கிரேக்க ‘ஃபோகே’, அதாவது சீல். அரபு எழுத்தில் சொல்லின் தொடக்கத்தில் ‘ஃபா’வும் ‘காஃப்’பும் ஒரே வடிவம். மேலே ஒரு புள்ளி இருந்தால் ஃபா, இரண்டு இருந்தால் காஃப். புள்ளி ஒன்று கூடிவிட்டால் ஃபோகே கோகியாகிவிடும். புள்ளி வைக்காத ஓலைச்சுவடியை வாசிக்க மல்லாடியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கணவாய் | 5 மார்ச், இரவு

சீலைப் பற்றி ஒன்று. அதே பட்டியலில் ‘ஃபோகா’ என்று கடல் எருதும், ‘ஹெல்கஸ்’ என்று கடல் கன்றும் தனித்தனியாக உண்டு. ஃபோகா பிளினி வழியாக வந்த அதே கிரேக்கச் சொல். ஒரே பிராணி மூன்று வாசல் வழியாக உள்ளே வந்து, மூன்று பாத்திரமாக நடிக்கிறது.

ஃபோகா பற்றிய கதை இன்னும் மோசம். ஆண் தன் துணையோடு அவள் சாகும்வரை சண்டை போட்டுவிட்டு வேறொன்றைச் சேர்த்துக்கொள்ளுமாம். அரிஸ்டாட்டில் சொன்னது, இடத்துக்காக ஆண் ஆணோடும் பெண் பெண்ணோடும் சண்டை போடும் என்பது. இனப்பெருக்கக் கரையைப் பார்த்த எவருக்கும் அது சரி என்று தெரியும். வாக்கியத்தில் ஒரு பாதி நழுவியதும் குடும்ப வன்முறை ஆகிவிட்டது.

நெய்தல் | 6 மார்ச்

ஆனால் மார்லாந்தே அடிக்கடி ‘ஐயமில்லை’ என்று அடித்துச் சொல்கிறாரே? தனக்குத் தெரிந்ததால்தானே?

ஏட்டுப்பூச்சி | 6 மார்ச்

அது சாட்சியம் இல்லை, இயைபு. ‘ஸொன்டெர் வான்’ (ஐயமின்றி) என்பது மத்தியகால டச்சுச் செய்யுளில் அடி நிரப்பும் தொடர். நம் யாப்பில் ‘மன்னோ’, ‘மாதோ’ என்று அசைநிலை போடுவது மாதிரி. ‘இது மெய்’ என்பதும் அதே வேலைதான் செய்யும். சோதனை எளிது: தொடர் அடியின் கடைசியில் நின்று அடுத்த அடியோடு இயைகிறதா? தாமஸின் உரைநடையில் அதற்கு ஈடு இல்லையா? இரண்டுக்கும் ஆம் என்றால் அடித்துவிட்டு வாசியுங்கள்.

எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும். தாமஸ் பிராணியைச் சொன்னதும் அறநெறிக்குத் தாவுவார். மார்லாந்த் அதில் பெரும்பகுதியைக் கழித்துவிடுகிறார். ஆகவே பிராணியின் உடற்கூறு மார்லாந்தில்தான் சுருக்கமாக, பளிச்சென்று கிடைக்கும்.

கணவாய் | 7 மார்ச்

ரம்ப மீன். ‘செர்ரா’ என்ற பெயரில் இரண்டு பிராணி கலந்திருக்கிறது. ஒன்று விலங்கொழுக்கக் கதைகளிலிருந்து: பெரிய சிறகைப் பாய்போல விரித்துக் கப்பலோடு 30, 40 ஸ்டேடியா தூரம் பந்தயம் ஓடி, களைத்து ஆழத்தில் மூழ்கும். ஒரு ஸ்டேடியம் ஏறத்தாழ 185 மீட்டர், ஆகவே 5.5 முதல் 7.4 கிலோமீட்டர். இன்னொன்று இசிடோரிடமிருந்து: ரம்பம் போன்ற கொண்டையால் கப்பலின் அடியை அறுக்கும்.

உண்மையான வேளாச் சுறாவுக்கு ரம்பம் கொண்டையில் இல்லை, மூக்கில். அதைப் பக்கவாட்டில் வீசிச் சிறு மீனைத் தாக்கும், மணலைக் கிளறும். பலகை அறுக்கும் பல் அமைப்பு அல்ல. வேளா வெதுவெதுப்பான ஆழமற்ற கடலோரத்து மீன். ஃபிளாண்டர்ஸ் ஓவியர் அதைப் பார்க்கச் சந்தர்ப்பம் இல்லை. செர்ரா என்ற பெயருக்கு நேரே சிறகு வைத்த ஒரு ஜந்துவைப் போட்டுவிட்டார் என்றால் அவரைக் குறை சொல்ல முடியாது.

ஏட்டுப்பூச்சி | 7 மார்ச், இரவு

ஓவியத்தை எடுத்ததால்: எழுத்தர் முதலில் செய்யுளை எழுதி ஓவியத்துக்குக் கட்டம் விட்டுவிடுவார். ஓவியர் பிறகு வருவார். அவர் கையில் இருப்பது பெரும்பாலும் தலைப்பில் உள்ள பெயரும் ஒரு பழைய மாதிரிப் படமும். செய்யுள் முழுதும் வாசித்துவிட்டு வரைந்தார் என்று வைத்துக்கொள்ளக் கூடாது. ஆகவே படத்தை வைத்துப் பிராணியை அடையாளம் காண்பது தலைகீழ் வேலை. ஜெர்மனியின் டெட்மோல்டில் உள்ள 1287-ஐ ஒட்டிய பிரதிதான் பழையது. எல்லோரும் இணையத்தில் பகிரும் வண்ணப்படங்கள் ஹேக் தேசிய நூலகத்துப் பிரதியிலிருந்து (சுவடி எண் கேஏ 16), அது 14-ம் நூற்றாண்டு. இரண்டையும் ‘மார்லாந்தின் படம்’ என்று சொல்வது சரியில்லை.

நெய்தல் | 8 மார்ச்

கப்பலை நிறுத்தும் அரையடி மீன்?

கணவாய் | 8 மார்ச்

‘எகெனெயிஸ்’, கப்பலைப் பிடித்து நிறுத்துவது என்று பொருள். நம் ஒட்டுமீன். அரையடி நீளம் என்பது இசிடோர் சொன்ன அளவு. முதுகுத் துடுப்பே உருமாறித் தலைமேல் உறிஞ்சு தட்டாகிவிட்டதால் சுறாவிலும் கப்பல் அடியிலும் ஒட்டும். கப்பலை நிறுத்தும் விசை அதற்குக் கிடையாது.

கப்பல் காரணமில்லாமல் நிற்பது மட்டும் நிஜம். கடல்நீரின் மேல் நன்னீர்ப் படலம் மிதக்கும் இடத்தில், மெதுவாகப் போகும் கலம் தன் ஆற்றலை இரண்டு படலத்துக்கும் நடுவே அலை எழுப்புவதில் இழந்துவிடும். மேலே ஒன்றும் தெரியாது. துருவப் பயணி நான்சென் 1893இல் ஃப்ராம் கப்பலில் இதில் மாட்டினார், கடலியலாளர் ஏக்மன் 1904இல் விளக்கினார். ‘செத்த நீர்’ என்று பெயர்.

ஏட்டுப்பூச்சி | 8 மார்ச், சற்று நேரம் கழித்து

பெயர்க் குழப்பம் இங்கேயும். மத்தியகாலப் பிரதிகளில் எகெனெயிஸ் ‘எகினஸ்’ ஆகிவிடுகிறது. எகினஸ் கடல் முள்ளெலி. அம்ப்ரோஸ் சொல்வது: புயல் வருமுன் எகினஸ் கூழாங்கல்லைப் பற்றிக்கொண்டு நங்கூரம் போல நிற்கும். இரண்டும் ஒட்டிக்கொண்டபின் ஒரே சின்ன மீன் கல்லையும் பிடிக்கிறது, கப்பலையும் பிடிக்கிறது.

நெய்தல் | 10 மார்ச்

நீங்கள் இருவரும் எல்லாவற்றையும் காகிதமாக்கிவிட்டீர்கள். கடல் துறவியும் கடல் வீரனும் பிளினியில் இருக்கிறார்களா? அரிஸ்டாட்டிலில்? தேடிப் பார்த்தேன், இல்லை. அப்புறம் எப்படி?

ஏட்டுப்பூச்சி | 10 மார்ச், இரவு

நல்ல குத்து. 5-ம் தேதி நான் எழுதியதைத் திருத்த வேண்டும்.

துறவி: தலை புதிதாக மழித்த துறவியின் தலை போல, உச்சியில் வெள்ளை, காதுக்கு மேலே சுற்றிலும் கறுப்பு வளையம். இடுப்புக்குக் கீழே மீன். கரையில் இருப்பவர் முன்னே ஆடிப் பாடி வேடிக்கை காட்டும், அவர் நெருங்கியதும் இழுத்துப்போய்த் தின்னும். வீரன் (ஜிடிரோன்): தலையில் சுருக்கம் விழுந்த கடினத் தோலாலான தலைக்கவசம், கழுத்திலிருந்து தொங்கும் நீண்ட முக்கோணக் கேடயம், உட்புறம் குழிவு, அதை முதுகெலும்போடு பிணைக்கும் வலுவான நரம்புகள், பிளவுபட்ட கை. பிடிப்பது கடினம், பிடித்தாலும் சம்மட்டி இல்லாமல் சாகாது.

இரண்டுக்கும் இருப்பிடம் ‘பிரித்தானியக் கடல்’. செங்கடலும் இல்லை, இந்துக்கடலும் இல்லை. வீட்டு வாசல் கடல். நெய்தல் சொல்வது போல, பழைய ஆசிரியர்களிடம் இவை இல்லை. தாமஸ் அடிக்கடி ‘லிபெர் ரெரும்’ என்று ஒரு நூலைச் சொல்வார், அது எது என்று இன்றுவரை அடையாளம் காணப்படவில்லை. அது வழியாகவோ வாய்மொழியாகவோ வடகடல் பேச்சு உள்ளே வந்திருக்க இடம் உண்டு. ஆகவே என் சோதனை வரிசையில் ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: இருப்பிடம் பக்கத்துக் கடலா? ஆம் என்றால் கடலுக்குச் சீக்கிரமே போகலாம்.

கணவாய் | 11 மார்ச்

அப்படியானால் வீரனுக்கு என் ஓட்டு ஆமை. குறிப்பாக ஏழுவரி ஆமை. வெப்பம் தேடாமல் ஜெல்லிமீனைத் துரத்தி பிரிட்டன், அயர்லாந்துக் கடல்வரை வரும் ஆமை அது ஒன்றுதான் எனலாம். ஓடு வன்தட்டு அல்ல, தோல். நீளவாக்கில் மேடுகள் ஓடிப் பின்பக்கம் கூர்மையாகக் குவியும், அதாவது முக்கோணக் கேடயம். ‘உட்புறம் குழிவு’ என்பது கரை ஒதுங்கி அழுகிய உடலின் ஓட்டைப் புரட்டிப் பார்த்தவர் சொன்னது போலத் தோன்றுகிறது. சம்மட்டியும் சரி, ஆமை லேசில் சாகாது. இடிப்பது ஒன்றே ஒன்று: துடுப்புக் காலில் பிளவு இல்லை.

துறவிக்கு நான் எதையும் சொல்லமாட்டேன்.

நெய்தல் | 11 மார்ச்

துறவிதான் ராட்சதக் கணவாய் என்று டேனிஷ் விஞ்ஞானியே நிரூபித்துவிட்டாரே!

ஏட்டுப்பூச்சி | 11 மார்ச்

அது வேறு துறவி. நீங்கள் சொல்லும் டேனிஷ் விஞ்ஞானி ஸ்டேன்ஸ்ட்ரப் 1850களில் பேசியது, 1540களில் டென்மார்க்குக்கும் ஸ்வீடனுக்கும் இடையிலுள்ள ஓரெசுண்ட் நீரிணையில் பிடிபட்ட ஒன்றைப் பற்றி. மீன் நூல்கள் எழுதிய ரோன்டெலேவும் பெலோனும் 1550களில் படம் போட்டது அதைத்தான். அதுவும் நிரூபணம் இல்லை. பாக்ஸ்டன், ஹாலந்து என்ற ஆய்வாளர்கள் 2005இல் ஏஞ்சல் சுறாவே பொருத்தம் என்று வாதிட்டார்கள். தட்டையான உடல், தோள்பட்டை போல அகன்ற துடுப்பு, அங்கி மாதிரி. தாமஸின் துறவிக்கும் அதற்கும் 300 ஆண்டு இடைவெளி. பெயர் ஒன்று என்பதால் உடலும் ஒன்று ஆகாது.

துறவியைப் பார்த்ததும் துறவி என்று ஏன் தோன்றியது என்பதற்கு வேறொரு வேர் உண்டு. நிலத்தில் உள்ளது எல்லாவற்றுக்கும் கடலில் இணை உண்டு என்ற மக்கள் நம்பிக்கையைப் பிளினி 9-ம் புத்தகத் தொடக்கத்தில் குறித்திருக்கிறார். கடல் குதிரை, கடல் பன்றி, கடல் எருது. நிலத்தில் துறவியும் வீரனும் இருந்தால் கடலில் இல்லாமல் போவார்களா? பிறகு 16-ம் நூற்றாண்டில் கடல் ஆயரும் வந்து சேர்ந்தார். பதவி உயர்வு.

நெய்தல் | 12 மார்ச்

எடாம் கடற்கன்னி? அது டச்சு மண்ணிலேயே நடந்தது. 1403.

ஏட்டுப்பூச்சி | 12 மார்ச்

1403இல் கரை உடைந்து கடல்நீர் உள்ளே வந்தபோது எடாம் ஊருக்குப் பக்கத்துப் பர்மெர் ஏரியில் சிக்கினாள், பால் கறக்கப் போன பெண்கள் கண்டார்கள், பாசியைக் கழுவினார்கள், ஹார்லெமுக்குக் கொண்டுபோய் நூல் நூற்கக் கற்றுக்கொடுத்தார்கள், சிலுவையைக் கண்டால் வணங்கினாள், பேச்சு மட்டும் வரவில்லை. எழுதி வைத்தவர் யோஹன்னெஸ் ஆ லெய்டிஸ் என்ற கார்மேல் சபைத் துறவி, 15-ம் நூற்றாண்டின் பிற்பாதியில். சம்பவத்துக்கும் எழுத்துக்கும் இடையே இரண்டு தலைமுறை. கவனிக்க வேண்டியது: மார்லாந்தின் கடற்கன்னி பாடித் தூங்கவைத்துக் கொல்பவள். எடாம்காரி பேசக்கூடத் தெரியாதவள், நூல் நூற்கிறாள். இரண்டும் ஒரே மரபு இல்லை.

கணவாய் | 13 மார்ச்

அக்காலத்து டச்சுக் கடலோரத்தில் நிஜமாகவே கரை ஒதுங்கிய பூதம் ஒன்று உண்டு, அதற்கு யாரும் சிறகு வைக்கவில்லை. ஆல்பெர்ட் (மார்லாந்த் தன் மூல ஆசிரியர் என்று தவறாக நினைத்தாரே, அவரேதான்) தன் விலங்கு நூலில் இரண்டு திமிங்கிலங்களைக் குறிக்கிறார். ஃப்ரீஸ்லாந்தில் ஸ்டாவெரென் அருகே ஒன்று: கண் வழியாகத் தலையைத் துளைத்ததில் 11 ஜாடி கொழுப்பு, ஒரு ஜாடியை ஒரு ஆள் தூக்குவதே கஷ்டம். உட்ரெக்ட் பக்கம் இன்னொன்று: 40 ஜாடி.

தலையில் இவ்வளவு எண்ணெய் என்றால் ஸ்பெர்ம் திமிங்கிலம்தான், சந்தேகமே வேண்டாம். ஜாடிக்கு 40 லிட்டர் என்று வைத்தால் 40 ஜாடி 1,600 லிட்டர். பெரிய ஆணின் தலையில் 1,900 லிட்டர் வரை இருக்கும். கணக்கு ஒத்துவருகிறது. வடக்கே ஆழ்கடலில் கணவாய் தின்றுகொண்டிருக்கும் ஆண்கள் தவறித் தெற்கே திரும்பினால் வடகடல் புனல் போலக் குறுகும். தென்பகுதியில் ஆழம் 50 மீட்டருக்கும் குறைவு. சரிவு மென்மையான மணல் என்பதால் அவற்றின் ஒலி எதிரொலித்துத் தெளிவாகத் திரும்பாது. 2016 ஜனவரியில் டெக்ஸல் தீவில் ஐந்து ஒரே நேரத்தில் ஒதுங்கியதும் இதே பொறியில்தான்.

ஏட்டுப்பூச்சி | 13 மார்ச், இரவு

அதே ஆல்பெர்ட் இன்னொரு இடத்தில் திமிங்கிலக் கண்ணுக்கு மேலே அரிவாள் போன்ற 250 கொம்புத் தகடுகள், ஒவ்வொன்றும் 8 அடி என்கிறார். அவை வாய்க்குள் இருக்க வேண்டிய பலீன் தகடுகள், பல்லுக்குப் பதிலாக இரையை வடிகட்டுபவை. தனியே வந்த தகட்டின் எண்ணிக்கையும் நீளமும் நன்றாகவே இருக்கிறது, மாட்ட வேண்டிய இடம்தான் தவறு. 1598இல் பெர்க்ஹெய் கரையில் ஒதுங்கிய திமிங்கிலத்தை டச்சு ஓவியர் ஹோல்ட்சியஸ் வரைந்தபோதும் துடுப்பு கண்ணுக்குப் பக்கத்தில் காதுபோல வந்துவிட்டது.

நெய்தல் | 15 மார்ச்

பட்டியலில் ‘பிளாட்டனிஸ்டா’ என்று ஒன்று. பெயரைப் பார்த்தாலே புளுகு. இதுவும் புள்ளி கூடிய கதையா?

கணவாய் | 15 மார்ச்

இல்லை. பட்டியலிலேயே இது பக்கா. கங்கை டால்பின். பிளினி: கங்கையில் வாழ்வது, டால்பினின் மூக்கும் வாலும், 15 முழம். ரோமன் முழத்தில் அது ஏறத்தாழ 6.7 மீட்டர். நிஜத்தில் இரண்டு, இரண்டரை மீட்டர்தான், ஆகவே அளவு மட்டும் ஊதியிருக்கிறது. கண்ணில் வில்லை கிடையாது, ஒலியால் வழி தேடும். இன்றைய அறிவியல் பெயரே பிளாட்டனிஸ்டா கேஞ்செடிகா. தாமஸின் அகரவரிசைப்படி ‘பெர்னா’வுக்கும் ‘பாலிபஸ்’ஸுக்கும் நடுவே தேடுங்கள். கங்கை என்ற சொல் கண்ணில் படும்.